கோமளா அம்மாவின் நாலு மணிக் கச்சேரி

ஒரு பாடகியின் பாட்டை நிறுத்தியவன் நான். அவருடைய தொண்டை அதற்குக் காரணமல்ல, வயதும் அல்ல. நான்தான்!

அன்று மயிலாப்பூரில் அந்தக் கச்சேரிக்கு வந்திருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள், கோமளா அம்மாவுக்குக் குரல் போய்விட்டது என்று. நீங்கள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். விழவைத்தவன் கடைசி வரிசைக்குப் பின்னால், மர மேசை அருகே, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

என் பெயர் ஏழுமலை. அந்தச் சபா மண்டபத்தில் மைக் செட் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. வாய் திறந்து பேசவும் வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை... அதனால்தான் எழுதுகிறேன்.

மண்டப வேலைக்கு வரும் முன் கட்சிக் கூட்டங்களுக்கும் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாக்களுக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். மந்தைவெளியிலிருந்து சைதாப்பேட்டை வரை நான் ஏறாத கம்பம் இல்லை. ஸ்பீக்கரின் வாய்க்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கேயே படுத்துக் கண்ணயர்வோம். அது காதை என்ன செய்யும் என்று அப்போது யார் யோசித்தார்கள்?

சபாவுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. செகரட்டரி தன் நண்பர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்: "எங்க ஏழுமலைக்கு இருக்கறது காது இல்லை ஓய், மீட்டர்!"

என்னைப் பற்றி இந்த ஊரில் யாரும் சொன்ன ஒரே பெருமை அதுதான். அதைக் கேட்கும்போது கூச்சத்தில் தரையைப் பார்ப்பேன். உள்ளே மட்டும் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கு அணையக்கூடாது என்றுதான்... சரி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். சுவரில் பாதி உயரம் வரை வழவழப்பான கல், ஜன்னல்களுக்குப் பெரிய கண்ணாடி. பார்க்க லட்சணமாக இருந்தது. கேட்கத்தான் கண்றாவி. மிருதங்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சுவர்கள் ஆளுக்கொன்றாகத் தட்டின. நான் எப்படி எப்படியோ சரிசெய்து பார்த்தேன், முடியவில்லை. மார்கழி சீசன் நெருங்கிவிட்டதால் செகரட்டரி அடையாறிலிருந்து ரகு என்ற இன்ஜினியரை வரவழைத்தார்.

ரகு மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றும், பேனா போல் மெலிந்த மைக் ஒன்றும் கொண்டுவந்தார். மண்டபத்தின் நடுவே அந்த மைக்கை நிறுத்தினார். ஸ்பீக்கர்களில் அருவி கொட்டுவது போல் ஓர் இரைச்சலை விட்டார். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கம்பங்கள் சில உயரமாகவும் சில குட்டையாகவும் எழுந்து நின்றன.

"ரூமும் கூடச் சேர்ந்து பாடுதுண்ணே," என்றார் ரகு. "அது எந்த இடத்துல ஓவரா கத்துதோ, அந்த இடத்துல மட்டும் நாம அமுக்கணும். அவ்வளவுதான்."

அமுக்குவதற்கு ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. ஈக்வலைசர் என்பார்கள். அதன் முகத்தில் சின்னப் பொத்தான்கள் வரிசையாக நிற்கும். இடது ஓரத்தில் இருப்பவை மிருதங்கத்தின் கனத்துக்கு, வலது ஓரத்தில் இருப்பவை தாளத்தின் கணீருக்கு. மேலே தள்ளினால் அந்த ஒலி ஏறும். கீழே இழுத்தால் இறங்கும். இத்தனை காலம் அவற்றை நான் காதால் கேட்டு வைத்தேன். ரகு திரையைப் பார்த்து வைத்தார். ஒவ்வொரு பொத்தானாக அவர் நகர்த்த நகர்த்த, பச்சைக் கம்பங்கள் ஒழுங்காக ஒரே மட்டத்துக்கு வந்தன. வலது ஓரத்தை நன்றாகவே இறக்கினார். புதுக் கண்ணாடிகள் அங்கேதான் கத்துகின்றனவாம்.

பிறகு சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு ஒலியாகத் தனித்தனியே விட்டார். முதலில் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். பிறகு நாயனம் போல. பிறகு புல்லாங்குழல் போல. ஒலி மேலே மேலே ஏறிக்கொண்டே போனது... திடீரென்று நின்றுவிட்டது.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் செகரட்டரி முகத்தைச் சுளித்தார். மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்த ஆள் ஏணியிலிருந்தபடியே காதைத் தோளில் தேய்த்துக்கொண்டான். திரையில் ஒரு கம்பம் உயரமாக நின்றது. எனக்கு மட்டும் மண்டபம் நிசப்தமாக இருந்தது!

"கூசறதேப்பா, நிறுத்து!" என்றார் செகரட்டரி.

ரகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படிண்ணே இருக்கு? கேக்குதில்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேக்குது சார்," என்றேன்.

அதுதான் முதல் பொய்.

ரகு ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டார். "இந்தக் கோட்டைவிட்டு நகத்தாதீங்கண்ணே. ஆள் மாறினாலும் பாட்டு மாறினாலும் ரூம் மாறாது." நல்ல மனிதர். என்னைத் தாழ்த்தி ஒரு சொல் பேசவில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. அதை நான் இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"இன்னாய்யா, வாட்ச்சு கீக்கீன்னு கூவிக்கினே கீது, நீ பாட்டுக்குக் குந்திக்கினு கீற? காதுல பஞ்சு வெச்சிக்கினியா?"

வாட்ச் என் கையிலேயே கட்டியிருந்தது. காதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுகாதில் வைத்தேன். ஒன்றுமில்லை... அதன் முகத்தில் எண்கள் மட்டும் மின்னி மின்னி அணைந்தன.

மறுநாளே செகரட்டரியிடம் போயிருக்க வேண்டும். "ஐயா, எனக்குப் பாதிக் காதுதான் இருக்கிறது, வேறு ஆளை வையுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? அவர் அத்தனை கல்நெஞ்சக்காரர் இல்லை, டிக்கெட் கிழிக்கவாவது வைத்துக்கொண்டிருப்பார். மீட்டர் என்ற அந்தப் பெயர் போய்விடுமே! அதற்காகத்தான். இவ்வளவு அற்பமான காரணம்.

சீசன் தொடங்கியது. பேனாக் கோடுகள் மேலேயே பொத்தான்கள் நின்றன. எல்லாரும் மண்டபத்தைப் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு கச்சேரியும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. பாடியவர்கள் பெரிய குரல்காரர்கள் என்பதால் சமாளித்தேன்.

அப்போதுதான் கோமளா அம்மா வந்தார்.

அவர் ஒரு காலத்தில் மாலை நேரக் கச்சேரிகள் செய்தவர். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. நெடுநாள் பேசக்கூட அனுமதி இல்லை. பிறகு சிறு பிள்ளை போல் சரளி வரிசையிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். செகரட்டரி அவருக்குப் பிற்பகல் நாலு மணிக்கு ஓர் இடம் கொடுத்தார். அது நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் மாலையில் தருவதாகப் பேச்சு.

கச்சேரிக்கு முன் என் மேசைக்கே வந்தார். என்னை 'நீங்க' என்று சொல்லிப் பேசும் ஒரு சிலரில் அவர் ஒருவர்.

"ஏழுமலை, என் குரல் முன்ன மாதிரி இல்லை. சன்னமாயிடுத்து. ஆனா சுத்தமா இருக்கு. நீங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேம்மா."

"இன்னிக்கு சரியா வரலைன்னா இதோட விட்டுடறேன்னு ஆத்துல சொல்லிட்டு வந்திருக்கேன். அவர் சிரிக்கறார். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுண்டிருக்கார்."

கோமளா அம்மா சிரிக்கவில்லை. விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும்தான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி தொடங்கியது. அவர் உதடுகள் அசைந்தன. ஏதோ முனகல் வந்தது. சொற்களே இல்லை! சொற்களின் ஓரங்கள் எல்லாம் மழுங்கிப்போய், ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த அம்மா என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார், ஒருவருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறதே என்று பதறினேன். கேட்காதது என் காதுக்குத்தான் என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை.

வலது ஓரப் பொத்தான்களை மேலே தள்ளினேன்.

பேனாக் கோட்டைத் தாண்டி... இன்னும் கொஞ்சம்... இன்னும். அப்போதுதான் சொற்கள் எனக்குத் திரும்பி வந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த நிமிடம் நான் அவருக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன். இது சாக்கு அல்ல. இதற்குப் பிறகு நடந்ததற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

மேடையில் பாடுகிறவர்கள் பாட்டை நிறுத்தி எங்களோடு பேச மாட்டார்கள். விரலால்தான் பேசுவார்கள். ஆள்காட்டி விரலை மேலே காட்டினால் 'ஏற்று' என்று பொருள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'இறக்கு'. இதுதான் எல்லா மண்டபத்திலும் வழக்கம். கோமளா அம்மா காதைத் தொட்டார். பிறகு விரலை மேலே உயர்த்திச் சுவரிலிருந்த ஸ்பீக்கரைக் காட்டினார்.

ஏற்றினேன்.

அவர் தலையை அசைத்தார். மறுபடியும் காதைத் தொட்டு, மறுபடியும் ஸ்பீக்கரைக் காட்டினார்.

மறுபடியும் ஏற்றினேன்!

அந்த ஸ்பீக்கர் கத்துகிறது, பார் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். எனக்கு விரல் மட்டும்தான் தெரிந்தது. அவர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் வயலின் வித்வான் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் ஒரு மாமி முந்தானையால் காதை மூடிக்கொண்டார். மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். கோமளா அம்மா வெந்நீர் குடித்தார். தொண்டையைத் தடவிக்கொண்டார். மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் பாதியில் இறங்கினார். அவர் தன் குரலுக்கே பயப்படத் தொடங்கிவிட்டார்...

அப்போது செகரட்டரி பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தார். வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

அந்தச் சுளிப்பை நான் அறிவேன். எனக்குக் கேட்காத ஒலியை ரகு விட்டபோது அவர் சுளித்த அதே சுளிப்பு!

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எல்லாமே தெரிந்துவிட்டது. கச்சேரியில் இன்னும் பாதி மீதி இருந்தது. கையை நீட்டிப் பொத்தான்களை இறக்கியிருந்தால் கோமளா அம்மாவின் குரல் சட்டென்று கழுவிவிட்டாற்போல் சுத்தமாகியிருக்கும்.

ஆனால் சட்டென்று மாறினால் எல்லாருக்கும் காரணம் புரிந்துவிடுமே! தலைகள் எல்லாம் பின்னால் திரும்புமே! அத்தனை கண்களும் என்மேல்...

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மங்களம் பாடும்வரை நின்றேன். ஆட்கள் இரண்டு பேராக மூன்று பேராக எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். கோமளா அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார். திரை விழுந்ததும், தூசி துடைப்பது போல் துணியை எடுத்து, ஒவ்வொரு பொத்தானையும் பேனாக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு.

காபி வாங்கக் கேன்டீனுக்குப் போனேன். அடையும் அவியலும் சாப்பிட்டபடி இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குரலா ஓய் அது? கடை ஷட்டரை இழுத்து மூடற மாதிரின்னா இருந்தது!"

"ஆபரேஷன் பண்ணின டாக்டர் கத்தியை உள்ளேயே வெச்சுத் தெச்சுட்டார் போலிருக்கு."

பக்கத்து மேசையும் சேர்ந்து சிரித்தது. நான் காபியை வாங்காமலே திரும்பினேன்.

அடுத்து வந்த ஆறரை மணிக் கச்சேரி தேனாக இருந்தது. இருக்காதா? பொத்தான்கள்தான் அவற்றின் இடத்துக்குத் திரும்பிவிட்டனவே.

வயலின் வித்வான் மட்டும் செகரட்டரியிடம் சொல்லியிருக்கிறார்: "எனக்கென்னமோ மைக் மேலதான் சந்தேகம். என் வில்லே எனக்கு நாராசமா இருந்தது." கோமளா அம்மாவும் போனில் அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். அதனால் மறுநாள் காலையில் ரகு தன் கம்ப்யூட்டரோடு மறுபடி வந்தார். கோமளா அம்மாவும் வந்து முதல் வரிசையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதே மைக். அதே அருவி இரைச்சல். பச்சைக் கம்பங்கள் எழுந்தன. எல்லாம் ஒரே மட்டத்தில், வாரி விட்டாற்போல் நின்றன.

ரகு பொத்தான்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் கோட்டின்மேல் இருந்தது. "சிஸ்டம் அப்படியே இருக்கு சார்," என்றார் மெதுவாக.

பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நேத்து நாலு மணிக்கு எதையாவது தொட்டீங்களா?"

செகரட்டரி பார்த்தார். கோமளா அம்மா பார்த்தார். அந்தப் பார்வையில் அப்போதும் ஓர் ஆசை இருந்தது. ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை!

"இல்ல சார். தொடவே இல்ல."

"ஏழுமலை தொட்டா நல்லதுக்குத்தான் தொடுவான்," என்றார் செகரட்டரி. அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்.

கோமளா அம்மா எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "இது தப்பாக் காட்டாதோ?"

ரகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அதுக்கு யாரையும் தெரியாது மேடம். இருக்கறதைக் காட்டும். வேணும்னா மைக்ல ஒரு வரி பாடுங்களேன், பாத்துடலாம்."

பாடினால் குரல் சுத்தமாகவே கேட்கும், எல்லாம் வெளியே வந்துவிடும். பாடட்டும் என்று ஒரு மனம் கெஞ்சியது. பாடக்கூடாது என்று இன்னொரு மனம் வேண்டியது. எந்த மனம் பெரிதாக இருந்தது என்று கேட்காதீர்கள்.

அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது. "வேண்டாம்ப்பா. காத்தாலேர்ந்து தொண்டை அடைச்சிண்டிருக்கு." கொஞ்ச நேரம் அந்தக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்போ நான்தான்," என்றார்.

அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அந்த சீசனில் அபிராமபுரத்தில் அவருக்கு இன்னொரு கச்சேரி இருந்தது. வர முடியவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் பொய் சொன்னால் இன்னொரு மனிதன் சந்தேகப்படலாம், திட்டலாம், சண்டை போடலாம். நானோ என் பொய்யை ஒரு நேர்மையான கருவியின் வாயால் சொல்ல வைத்தேன். அதனோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்?

இரண்டு மார்கழி போய்விட்டது. சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை தீர்மானித்திருப்பேன்! ரகுவிடம், செகரட்டரியிடம், குறைந்தபட்சம் சரோஜாவிடம்... ஒவ்வொரு முறையும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இப்போதும் அதே மேசையில்தான் நிற்கிறேன். காதுக்குப் பதில் முகங்களைப் பார்த்து வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒருவர் சுளித்தால் இறக்குகிறேன். மீட்டர் என்றுதான் இன்றும் பெயர்.

போன மாதம் ஒரு பிற்பகல், கோமளா அம்மா ரசிகராக வந்தார். கடைசி வரிசையில், என் மேசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. கச்சேரி தொடங்கும் முன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சௌக்கியமா ஏழுமலை?"

"இருக்கேம்மா. நீங்க... பாடறீங்களாம்மா?"

"எங்கே! விளக்கேத்தறச்சே வாய் தானா திறக்கும். உடனே மூடிண்டுடுவேன். பக்கத்தாத்துல கேட்டா என்ன நினைச்சுப்பா?"

சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுண்டிருக்கேன்," என்றார். "உங்க காது ஊருக்கே தெரிஞ்சது. அன்னிக்கு மைக் டெஸ்ட் பண்ணினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, என் குரல் கெட்டுப் போயிடுத்துன்னு. ஏன் எங்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேடையே ஏறியிருக்க மாட்டேனே!"

சுற்றிலும் ஆள் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் ஒருவர்தான். இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்துவிடும் என்று நம்பினேன். முதல் சொல்தானே கடினம்? அது வந்துவிட்டதே! ஆனால் அவர் முகம் இளகியது. கையை அசைத்து என்னைத் தடுத்தார்.

"ஐயையோ, எதுக்கு மன்னிப்பெல்லாம்? என் மனசு நோகக்கூடாதுன்னுதானே சொல்லாம இருந்தேள்? எனக்குப் புரியாதா?"

மணி அடித்தது. திரை விலகியது. அவர் மேடைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அதுவரை ஒரு கருவிதான் அவருக்குக் குரல் போய்விட்டது என்று சொல்லியிருந்தது. இப்போது நானும் சொல்லிவிட்டேன். ஒருவேளை உள்ளே எங்கோ ஒரு மூலையில், தன் குரல் நிஜமாகவே போய்விட்டதா என்று அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கலாம். அதையும் நான் பிடுங்கிவிட்டேன்... மன்னிப்புக் கேட்டே பிடுங்கிவிட்டேன்!

மந்தைவெளியில் அவர் வீடு எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போய்வருகிற வழிதான். நேற்றும் அந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் வந்தேன். விளக்கேற்றும் நேரம். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு காலை ஊன்றி நின்றேன். அவர் பாடுகிறாரா, வாயை மூடிக்கொண்டாரா, எனக்குக் கேட்கவில்லை.

மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.